ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்க்கவும்

காலை ஐந்தே காலுக்குச் செய்யாறு பஸ் நிலையத்துக்கு வேன் வரும். நாங்கள் பதினாலு பெண்கள். பதினைந்தாவதாக ஒருநாள் ஏறியவர் பெயர் இளம்பரிதி. அவரால்தான் என் மகள் கல்யாணம் நின்றது. அவரால்தான் இன்றைக்கு நான் இந்த ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டாய் என்பதால் சொல்கிறேன்.

கேட்கவில்லையா? எங்கே போறீங்க என்று கேட்டாயே கண்ணு, அது கேட்டதுதான்.

முதலில் அந்தச் சார்ஜர் வயரை ஆட்டாதே. ஆட்டினால் ஏறாது. வெளியே எடு. ஊது. இப்போது நேராக உள்ளே தள்ளு. விரலுக்கு ஒரு சின்ன உதைப்பு தெரிந்ததா? தெரிந்ததில்லையா, இனிமேல்தான் முக்கியம். மெதுவாக இழுத்துப் பார். வரவில்லை பார். அவ்வளவுதான். இனிமேல் அதைத் தொடாதே.

இதுதான் என் வேலை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. காருக்கு வேண்டிய வயரையெல்லாம் சடை பின்னுகிற மாதிரி கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புவோம். மூன்றாவது லைனுக்கு நான்தான் லீடர். தனபாக்கியம் லைன் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

வயர் நுனியில் ஒரு சின்னத் தகரத்தைக் கவ்வ வைத்திருப்பார்கள். டெர்மினல் என்பார்கள். அதைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ள வேண்டும். அந்தக் கூட்டுக்கு ஹவுசிங் என்று பெயர். புதிதாக வருகிற பெண்களுக்கு இந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. நான் வேறு பெயர் வைத்தேன். தகரம் ஆள். கூடு வீடு. கூட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் ஒரு அறை. ஆளின் முதுகில் மெல்லிசாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு இருக்கும். ஆள் அறைக்குள் போனதும் அந்த நாக்கு பள்ளத்தில் மாட்டி ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். அதற்குமேல் ஆள் வெளியே வர முடியாது. வருகிறதா இல்லையா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, டிக், இழு. நாள் முழுக்க இதுதான். வீட்டில் சமைக்கும்போதுகூட அடுப்பில் காஸ் டியூபைச் செருகிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு இந்த வேலை தெரியாது. என் மகள் சுகந்திக்கு மூன்று வயது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு என்று போனார். போனவர்தான். செத்துப்போன செய்தியும் இல்லை, இருக்கிற செய்தியும் இல்லை. கல்யாணத்தன்று எனக்கு டிக் சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்தது. என்ன செய்ய?

அந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு வளர்த்தேன். சுகந்தியும் அதே கம்பெனிக்கு வந்தாள். படித்தவள், அதனால் செக்கிங் மேசை. கட்டிய வயரைப் பலகையில் மாட்டினால், எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஒருதரம் பச்சை எரிந்த பிறகு அனுப்பிய சரக்கு திரும்பி வந்துவிட்டது. வண்டி பள்ளத்தில் இறங்கியதும் ஒரு ஆள் வெளியே வந்துவிட்டதாம். சூப்பர்வைசர் சுகந்தியைக் கேட்டபோது அவள் சொன்னாள், “சார், பச்சை எரிஞ்சது நெசம். யாரோ ரொம்ப வலுவா இழுத்திருக்காங்க. நாக்கு வளைஞ்சிருக்கு. தொட்டுக்கிட்டு இருந்தா பச்சை எரியும். வளைஞ்சது விளக்குக்குத் தெரியாது.”

அந்தத் தவறு என் லைனில் நடக்கவில்லை. நான் புதுப் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். மெதுவாக இழுக்க வேண்டும். ஓங்கி இழுத்தால் நல்ல ஆளும் கெட்டுவிடும். கெட்ட ஆளைத் திரும்ப வீட்டுக்குள் போடக் கூடாது, சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் இளம்பரிதி வந்தார். டிப்ளமோ படித்தவர், அரியலூர்ப் பக்கம். தமிழில் சுவர்ப் பலகை எழுதி மாட்ட வேண்டும், எல்லா லைனும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்று கம்பெனி அவரை அனுப்பியது. முதல் நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்று படித்தார். இணைப்பி. செருகி. செருகுவாய். உருகி. மின்தேக்கி. மின்தடை. இருமுனையம்.

ஷகிலா என்று என் பக்கத்து மேசைக்காரி. வாய் சும்மா இருக்காது. “சார், செருகுவாய்னா யாரு வாய் சார்? எங்க லீடர் வாயா?”

லைனே சிரித்தது. அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. தானும் சிரித்தார். “அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?” என்று கேட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டயோடுக்கு நாங்க ஒருவழின்னு சொல்றது சார். கரண்டு ஒரு பக்கமாத்தான் போவும். நீங்க இருமுனையம்ங்கறீங்க. வெள்ளரிக்காய்க்குக்கூட ரெண்டு முனை இருக்கு.”

“நியாயம்தான். ஒருவழின்னே எழுதிக்கறேன். ஆனா மின்தேக்கிய விட மாட்டேன். ஏரியில தண்ணியத் தேக்கி வெச்சு வேணுங்கறப்ப மதகைத் தொறக்கறோம் இல்ல? கரண்டை அதே மாதிரி தேக்கி வெச்சிருக்கு.”

“அப்ப அது நல்லாருக்கு சார். வெச்சுக்கோங்க,” என்றாள் ஷகிலா. “உருகியும் நல்லாருக்கு. ஃபியூஸ் போனா உருகித்தானே போவுது.”

ரிலே மட்டும் ரிலேவாகவே இருந்துவிட்டது. அவர் தாளில் இருந்த பெயரை அவரே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அடித்துவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், என் பேச்சும் எல்லாம் சரி கிடையாது. இரண்டு கூடுகளைக் கையில் எடுத்து, “இதுல எது ஆண், எது பெண்?” என்று கேட்டார். உள்ளே நுழைகிற கூடுதான் ஆண் என்று நான் சொன்னேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். “வெளிக்கூட்ட வெச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. உள்ள இருக்கிறத வெச்சுத்தான் சொல்லணும். பாருங்க, நுழையற கூட்டுக்குள்ள துளைதான் இருக்கு. முள்ளு இருக்கிறது இந்தப் பக்கம்.” விளக்கைப் பிடித்துக் காட்டினார். சரிதான். தப்பு என்றால் தப்புதான், நான் ஒத்துக்கொள்கிறவள்.

பலகை வந்தது. இடது பக்கம் அவர் பெயர், வலது பக்கம் எங்கள் பெயர். உறை - வீடு. முனையம் - ஆள். கீழே பெரிய எழுத்தில், ‘உள்ளே தள்ளவும். சத்தம் கேட்கவும். ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்க்கவும்.’ அந்த மூன்றாவது வரி என் வாயிலிருந்து வந்தது. மெதுவாக என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது சுகந்தி.

அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள் போலிருக்கிறது. எனக்கு வேனில்தான் தெரிந்தது. அவர் முன் சீட்டில், இவள் பின் சீட்டில். பேசிக்கொள்ள மாட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். ஷகிலாதான் முழங்கையால் இடித்துக் காட்டினாள்.

திருட்டுத்தனம் எதுவும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தை மாதம் அவர் அக்காவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூ, பழம், வெற்றிலை. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா படுக்கையில இருக்காரும்மா. தம்பிக்கு ஒரு கல்யாணத்தப் பாத்துட்டாருன்னா போதும்,” என்றது. சுகந்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். காபி டம்ளர் தட்டில் ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு சந்தோஷம். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

டிக் சத்தம் கேட்டது கண்ணு. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் ஒருமுறை கேட்டு ஏமாந்தவள் நான். இழுத்துப் பார்க்காமல் எப்படி விடுவேன்?

கல்யாணத்துக்கு அப்புறம் பெண் என்னோடுதான் இருப்பாள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “சரிம்மா. செய்யாறு எனக்கும் பழகிடுச்சு.” ஷகிலா வேன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், “வீட்டோட மாப்பிள்ளை வராரு, ஜன்னல் சீட்டு விடுங்கடி.” அதற்கும் சிரித்தார்.

இவ்வளவு சுலபமாக ஒருத்தர் சரி என்றால் சந்தேகம் வருமா வராதா? வைகாசியில் நாள் பார்த்திருந்தார்கள். ஆவணிக்குத் தள்ளுங்கள் என்றேன். அந்த அக்கா போனில் அழுதது. அப்பா தாங்க மாட்டாரும்மா என்றது. அவர் வாங்கிப் பேசினார், “பரவாயில்லம்மா. நீங்க சொல்ற மாதிரியே வெச்சுக்கலாம்.” ஆவணிக்கு அவர் அப்பா இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? யார் எப்போது போவார்கள் என்று எழுதியா வைத்திருக்கிறது? துக்கத்துக்கு நானும் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன்.

துக்க வீட்டுக் கல்யாணம் தைக்குத் தள்ளிப் போயிற்று. நாட்கள் கையில் இருந்தன. இன்னொன்று கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒருநாள் கேன்டீனில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, மறைக்கக் கூடாது. சுகந்திக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்பவும் எப்பவாச்சும் வரும்,” என்றேன்.

இல்லை கண்ணு. வலிப்பெல்லாம் கிடையாது. ஒருநாள் தலைவலி என்று படுத்தவள் இல்லை அவள். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அவர், “மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுதாம்மா?” என்று கேட்டார். அதோடு சரி. அக்காவிடம் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவர் பேன்ட் பாக்கெட்டில் ஒரு இரும்புச் சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்களே, அதற்கு. எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள். எடைக்கடையில் பொறுக்கியிருப்பார். நடந்தால் கலகல என்று சத்தம் வரும். சுகந்தி என்னிடம் வந்து, “ஏம்மா, அவரு ஏன் இப்பல்லாம் கோயில் மாடு மாதிரி மணியாட்டிக்கிட்டு வராரு?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஷகிலாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அக்கா, வெண்டைக்காய நுனி ஒடிச்சுப் பாத்துட்டு, கூடையிலயே போட்டுட்டுப் போறவ மாதிரி இருக்கு நீ பண்றது.”

“ஒடிச்சுப் பாக்காம வாங்குனா முத்தல்தாண்டி வரும்.”

“மூணு தரம் ஒடிச்சா வெண்டைக்கா எங்க இருக்கும்?”

அவளுக்கு என்ன தெரியும்? அவள் புருஷன் தினமும் ராத்திரி வீட்டுக்கு வருகிறவர்.

கடைசியாக ஒன்றே ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. மார்கழி பிறந்திருந்தது. அதே கேன்டீன். அவர் டீ வாங்கி எனக்கு முன்னால் வைத்தார். நான் சொன்னேன், “தம்பி, மனசு கேக்கல. சுகந்தி எனக்காகத்தான் சரின்னு சொல்லியிருக்கு. அது மனசுல வேற ஒரு பையன் இருக்கான்.”

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “அது வாயால சொல்லுச்சாம்மா?”

“பொண்ணு வாயால சொல்லுமா தம்பி? பெத்தவளுக்குத் தெரியாதா?”

சண்டை போடுவார் என்று பார்த்தேன். நேரே செக்கிங் மேசைக்குப் போய்ச் சுகந்தியைக் கேட்பார் என்று பார்த்தேன். உறுதியாகப் பிடித்திருந்தால் அதைத்தானே செய்திருப்பார்? அவர் உட்கார்ந்தே இருந்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது. அப்புறம் பாக்கெட்டில் கையை விட்டு அந்தச் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத அந்தத் தம்பிகிட்டக் குடுத்துடுங்கம்மா. எப்பவும் கையோட வெச்சிருக்கச் சொல்லுங்க. சுகந்திகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. பயந்துக்கும்.”

வந்துவிட்டது பார்த்தாயா? ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது.

பொங்கலுக்கு முன்னாலேயே புனேயில் இருக்கிற கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுகந்திக்கு ஒரு போன் பண்ணி, “எனக்கு இது ஒத்து வராதுன்னு தோணுது. நீ நல்லா இருக்கணும்,” என்றாராம். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போனார். அந்த மட்டில் மரியாதை தெரிந்தவர்தான்.

நான் சொன்னேன் சுகந்தியிடம், “பாத்தியா, இப்பவே தெரிஞ்சுதேன்னு சந்தோஷப்படு. என்னை மாதிரி ஒரு குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டுத் தெரிஞ்சுக்கல.” அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள். வேலைக்கு வந்தாள். வேனில் ஷகிலா ஏதாவது சொன்னால் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் பச்சைதான். வேறு வரன் பார்க்கலாமா என்றால் மட்டும், “பாக்கலாம்மா,” என்பாள். பார்க்க விட மாட்டாள். பலகைக்கு முன்னால் போகிறபோது தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

பிறகு அவருக்குக் கல்யாணம் என்று லைனுக்குப் பத்திரிகை வந்தது. அக்கா பார்த்த பெண். எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை, சுகந்தியையும் போகாதே என்றேன். “அவரு எனக்கு என்ன கெடுதல் பண்ணாரும்மா? போயிட்டு வரேன்,” என்று போனாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். ஷகிலாதான் பிறகு சொன்னாள். மேடைக்குப் பக்கத்தில் அந்த அக்கா இவளைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, பாசமாகத்தான், “நீ நெனச்ச பையனையே கட்டிக்கிட்டியாம்மா?” என்று கேட்டதாம். திரும்பும்போது வேனில் ஷகிலாவே, நான் அவளிடம் சொல்லியிருந்த வலிப்புக் கதையையும் சாவி விஷயத்தையும் இவளிடம் சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். புடவையைக்கூட மாற்றாமல் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அம்மா. என் மனசுல வேற ஒருத்தர் இருக்காருன்னு அவர்கிட்ட சொன்னியா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேண்டி. உறுதியா இருந்தா நின்னிருப்பாரில்ல?”

“வலிப்புன்னு சொன்னியா?”

“அதுவும் பேச்சுக்குத்தான். அதுக்கு நின்னாரே. நான் இல்லைன்னு சொல்லலையே.”

“அந்தச் சாவி எங்க?”

உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி பார்த்தாள். “அவர் விலகிப் போகலம்மா. எனக்கு வழிவிட்டுட்டுப் போயிருக்காரு.”

வழிவிடுவதும் விலகுவதும் ஒன்றுதானே கண்ணு? நீயே சொல். இரண்டிலும் ஆள் இருக்கிற இடத்தில் இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. “தோசை கருகுதும்மா,” என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு வேலை வாங்கிக்கொண்டாள். பெண்கள் விடுதி. நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே பஸ்ஸில் போவேன். மூன்றடுக்குத் தூக்கில் புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அவளுக்குப் பிடித்த கேழ்வரகு அடை. வாசலுக்கு வருவாள். போன மாதத்துத் தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுப்பாள், இதை வாங்கிக்கொள்வாள். நல்லாத்தான் பேசுவாள். பஸ் கூட்டமாம்மா என்பாள். முட்டி வலி எப்படி என்பாள். உள்ளே வா என்று மட்டும் சொன்னதில்லை. விடுதியில் அது சட்டமாக இருக்கும். நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு தரமும் கிளம்பும்போது, “சுகந்தி, வீட்டுக்கு வந்துடறியா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பேன். “பாக்கலாம்மா,” என்பாள். மெதுவாகத்தான் கேட்பேன் கண்ணு. ரொம்ப மெதுவாக.

கிருஷ்ணகிரி டோல்கேட் வந்துவிட்டது. நீ இங்கேதானே இறங்க வேண்டும்? சார்ஜரைப் பிடுங்கிக்கொள். வயரைப் பிடித்து இழுக்காதே, தலையைப் பிடித்து இழு.

தூக்கா? இல்லை, இன்றைக்கு எடுத்து வரவில்லை. பழைய தூக்கு அங்கே விடுதி வாட்ச்மேனிடம் இருக்கிறது. அதை வாங்கத்தான் போகிறேன். கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவர் போனில் சொன்னார். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லையாம். அவள் நம்பரும் மாறிவிட்டது. சாவிக்கொத்து ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை, சுகந்தி ஓசூர் விடுதி அறையைக் காலி செய்தாள்.